பதினாறு பெட்டி

கையில் இருபத்தேழாயிரம் இருக்கிறது.
மாங்குளத்தில் ஒரு சாமத்திய வீட்டுக்கு
ஸ்பீக்கர் கட்டி விடிய விடியப் பாட்டுப் போட்ட காசு.
பெற்றோல் கழித்து, ஜெனரேற்றர் வாடகை கழித்து,
டிலக்சிகாவின் பங்கையும் என் பங்கையும் சேர்த்து.
இரண்டு மென்பொருளில் ஒன்றைத்தான் வாங்கலாம்.

ஒன்று அடுக்கும்.
நாலாயிரத்துச் சொச்ச அடிகளையும்
காது வைத்துக் கேட்டு
கிக் ஒரு பக்கம், ஸ்நேர் ஒரு பக்கம் என்று பிரிக்கும்.
மற்றது கோக்கும்.
வரிசையாய்ப் பதினாறு பெட்டி,
எதில் அடி, எதில் சும்மா என்று தொட்டுவிட்டால்
சுற்றிச் சுற்றி வரும்.

ஒன்று எங்கே என்று கேட்கிறது.
மற்றது எப்போது என்று.

கோக்கிறதை வாங்கு என்கிறாள் டிலக்சிகா.
உனக்கென்ன, தேடுகிறது நானெல்லோ.
என் ஃபோல்டர்களின் பெயர்கள்:
புதுசு. புதுசு இரண்டு. கடைசி. உண்மையாய்க் கடைசி.
இதுகளுக்குள் எங்கேயோதான்
இரணைமடு வான்கதவுக் கம்பியில்
கல்லால் தட்டி எடுத்த சத்தம் கிடக்கிறது.
மூன்று மாதமாய்க் காணவில்லை.

அடுக்குவது பதினாலு நாள் இலவசம் என்றது.
இறக்கினோம். ஒரு கிழமை டேட்டா ஓர் இரவில் கரைந்தது.
காலையில் கூட்டிப் பெருக்கின வீடு மாதிரி.
நெல் ஆலையின் வார் அடிப்பது: ஹைஹட், திறந்தது.
ஐஸ்கிறீம் வானின் கதவு: ஸ்நேர்.
பரந்தன் சந்தியில் கவிழ்த்துப் போட்ட வாளி: டொம், நடுத்தரம்.
டிலக்சிகாவின் தும்மல்: கிளாப்.
வான்கதவும் கிடைத்தது. மாட்டு மணியாம்.
அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கிக் பக்கத்தில் முதலாவதாய் ஒன்று.
ஆழமானது, நீளமானது.
எண் மட்டும்தான் பெயர்.
அமத்தினேன்.

முகமாலை.
சிவப்புத் தடி நட்ட வெளிக்கு அங்காலே
கண்ணிவெடி எடுக்கிற ஆட்கள்
விசில் ஊதி, றோட்டை மறித்து,
பத்தரைக்கு ஒன்றை வெடிக்க வைத்தார்கள்.
பஸ்ஸுக்குள் இருந்து போனில் எடுத்திருக்கிறேன்.
ஏன் எடுத்தேன் என்று நினைவில்லை.
கிக்தான். பிழை சொல்ல ஏலாது.
பக்கத்து வளவில் சட்டி கழுவுகிற சத்தம் நின்றது.
எட்டு எண்ணலாம், அவ்வளவு நேரம்.
பிறகு மெல்லத் தண்ணீர்.

இதுக்கு வேறே இடமில்லையா, என்றாள் டிலக்சிகா.
மெனு முழுக்கத் தேடினேன்.
கிக், ஸ்நேர், டொம், கிளாப், இதர.
இதரவுக்குள் இழுத்து விட்டேன்.
அடுத்த முறை திறந்தபோது
தானாய்த் திரும்பிக் கிக்குக்குள் போயிருந்தது.

கோக்கிறதை வாங்கினோம்.
இதனால்தான் என்றில்லை.
விலை ஆயிரத்தைந்நூறு குறைவு, அதுவும்தான்.

முதலாம் பெட்டியில் வாளி,
ஐந்தில் தும்மல்,
எட்டில் வான்கதவு.
ஒன்பதிலிருந்து பதினாறு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை.
நிரப்பு என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.
வெறும் பெட்டி என்றாலும் தாளம்
அதுக்குள்ளாலே நடந்துதான் வாளிக்கு வரவேணும்,
குறுக்கு வழி கிடையாது.

அடுக்குகிற வேலைக்கு
இப்போது ஒரு சீயார் கொப்பி.
ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கேட்டுச் சொல்ல
அவள் எழுதுகிறாள்.
ஆயிரத்து முன்னூறு மட்டும் வந்தாயிற்று.
முகமாலைக்கு ஒரு பக்கம் தனியே விட்டிருக்கிறாள்.
தலைப்பில் என்ன போடுவதென்று
பேனையை உதறி உதறி யோசிக்கையில்
கனகபுரம் முழுக்கக் கரண்ட் போனது.
பற்றறி இருபத்தொரு வீதம்.
அது இருக்குமட்டும் ஓடட்டும் என்று விட்டோம்.
வாளி, தும்மல், வான்கதவு,


வாளி, தும்மல்,